சுவர்ப் பொந்தில் ஒரு குடும்பம்: கொசுத்தேனீயைத் தெரிந்துகொள்வோம்



நாலு வருசத்துக்கு முன்னாடி எங்க பாட்டி வீட்டு மண்சுவரை இடிச்சோம். அந்தச் சுவர்ல, ஜன்னலுக்குக் கீழே சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டையிலிருந்து கறுப்பா ஒரு மெழுகுக் குழாய் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். அதன் வாயில் கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சிகள் எட்டிப் பார்க்கும். சின்ன வயசுல குச்சியால் அந்தக் குழாயை உடைச்சு விளையாடுவோம். ரெண்டு நாள்ல திரும்பக் கட்டியிருக்கும்.

கடப்பாரை போட்டதும் கூடு வெளியே வந்தது. ‘கொட்டாத தேனீதானே, பெட்டியில் போட்டு வளர்க்கலாம்’ என்று நினைத்து, கூட்டை இரண்டு கையாலும் அள்ளி ஒரு மரப்பெட்டியில் கவிழ்த்தேன். பெட்டியைக் கொண்டுபோய்க் கிணற்றடி மாமர நிழலில் வைத்தேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தேனீ ஒன்றுகூட இல்லை. என் அம்மா கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்தச் சுவரில் இருந்த குடும்பம் அது.

அன்றைக்கு நான் செய்த தப்பு ஒன்றல்ல, நாலு. அந்த நாலும் என்னவென்று புரிய வேண்டுமானால் இந்தப் பூச்சி எப்படி வாழ்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம். கடைசியில் அந்த நாலு தப்புக்கும் திரும்ப வருவோம்.

யார் இந்தக் கொசுத்தேனீ?

நம்ம பக்கம் தேன் எடுக்கிற தேனீக்களை நாலைந்து வகையாகச் சொல்வோம். பாறையிலும் உயர்ந்த மரத்திலும் பெரிய ஒற்றை அடை கட்டுவது மலைத்தேனீ. புதரில் கிளையைச் சுற்றிச் சின்ன அடை கட்டுவது கொம்புத்தேனீ. பொந்துக்குள் பல அடைகளை அடுக்கிக் கட்டுவது அடுக்குத்தேனீ. பெட்டியில் வளர்க்க வெளியிலிருந்து வந்தது இத்தாலியத் தேனீ. இவை எல்லாமே கொட்டும்.

ஐந்தாவது ஆள்தான் கொசுத்தேனீ. சில ஊர்களில் சிறுதேனீ என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். பழைய புத்தகங்களில் ட்ரைகோனா இரிடிபென்னிஸ் என்று இருக்கும். 1854-இல் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் இலங்கையிலிருந்து கிடைத்த தேனீயைப் பார்த்து இந்தப் பெயரை வைத்தார். இரிடிபென்னிஸ் என்றால் வானவில் இறகு என்று பொருள். வெயிலில் இறக்கையைச் சாய்த்துப் பார்த்தால் வண்ணம் மின்னுவது தெரியும். அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் இதன் நெருங்கிய சொந்தங்கள் சிலவற்றைத் தனி இனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். வளர்க்கிற நமக்கு எல்லாவற்றின் குணமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

வேலைக்காரத் தேனீயின் நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். உடம்பு கறுப்பு. கொடுக்கு அடியோடு இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் கொட்ட முடியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அதனால் இது சாதுவான பிராணி என்று நினைத்துவிடாதீர்கள். கூட்டை உடைத்தால் தலைமுடிக்குள்ளும் காதுக்குள்ளும் புகுந்து கடிக்கும், பிசினை ஒட்டும். கையில் வலை முகமூடி ஒன்று இருப்பது நல்லது.

உலகத்தில் இப்படிக் கொடுக்கில்லாத தேனீ 500 வகைக்கு மேல் இருக்கிறது. எல்லாமே வெப்ப நாடுகளில்தான்.

கூட்டுக்குள் என்ன இருக்கிறது?

இந்தத் தேனீ தானாகக் குழி தோண்டாது. மரப்பொந்து, கல்லிடுக்கு, மண்சுவர், பழைய இரும்புக் குழாய், மூங்கில், மின் மீட்டர் பெட்டி என்று ஏற்கெனவே இருக்கிற பொந்தைத் தேடிக் குடியேறும். வேண்டாத இடுக்குகளை எல்லாம் பூசி அடைத்துவிட்டு, ஒரே ஒரு வாசல் மட்டும் வைக்கும்.

கட்டுமானப் பொருள்தான் இதில் விசேஷம். மற்ற தேனீக்களுக்கு வயிற்றின் அடிப்பக்கம் மெழுகு சுரக்கும். இதற்கு முதுகுப்பக்கம் சுரக்கும். அந்த மெழுகோடு மரப்பிசினைச் சேர்த்துப் பிசைந்துதான் கூட்டைக் கட்டுகிறது. பலா, மா, முந்திரி மாதிரி மரங்களில் காயம் பட்ட இடத்தில் வடிகிற பாலையும் பிசினையும் பின்னங்காலில் உருண்டையாக ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். பிசின் கிடைக்காத இடத்தில் காயாத பெயிண்டையும் ரோட்டுத் தாரையும்கூட எடுத்து வரும். ஆகவே தோட்டத்தில் பிசின் வடிக்கிற மரம் நாலு நிற்பது பூ இருப்பது மாதிரியே முக்கியம்.

கூட்டைத் திறந்தால் மூன்று பகுதி தெரியும்.

ஒன்று, குஞ்சுப் பகுதி. கடுகை விடச் சற்றுப் பெரிய உருண்டை அறைகள், திராட்சைக் கொத்து மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். மற்ற தேனீக்களைப் போல அறுகோண அடை இதில் கிடையாது.

இரண்டு, மகரந்தக் குடங்கள். குஞ்சுக் கொத்தை ஒட்டியே இருக்கும். ஓரளவு மங்கலான நிறம்.

மூன்று, தேன் குடங்கள். பெரும்பாலும் ஓரத்தில் இருக்கும். வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே தேன் இருப்பது தெரியும்.

இந்த மூன்றையும் பார்த்த உடனே பிரித்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். தேன் எடுக்கும்போது இதுதான் உயிர்நாடி.

முட்டையிலிருந்து தேனீ வரை

அடுக்குத்தேனீயிலும் இத்தாலியத் தேனீயிலும் ராணி முட்டையிட்ட பிறகு, பணிப்பெண்கள் புழுவுக்கு அடிக்கடி வந்து ஊட்டுவார்கள். கொசுத்தேனீயில் அப்படி இல்லை. இங்கே கட்டுச்சோறுதான்.

பணிப்பெண்கள் முதலில் அறையைக் கட்டுகிறார்கள். பல பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து, மகரந்தமும் தேனும் சுரப்பும் கலந்த கூழை அறைக்குள் கக்கி நிரப்புகிறார்கள். ராணி வந்து கூழின்மேல் ஒரே ஒரு முட்டையை நட்டு வைத்தாற்போல நிற்க வைக்கிறாள். உடனே வாயை மூடி விடுகிறார்கள். அதன்பிறகு அந்த அறையை யாரும் திறப்பதில்லை. புழு பிறந்து, இருக்கிற கூழைத் தின்று, கூட்டுப்புழு ஆகி, தானே வெளியே வரும். இத்தாலியத் தேனீக்கு இது மூன்று வாரம். கொசுத்தேனீக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம். பயன்படுத்திய அறையைத் திரும்பப் பயன்படுத்தாமல் பிரித்துவிட்டு அந்த மெழுகை வேறு இடத்தில் கட்டும்.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடம்.

முதல் பாடம்: புது அறைக்குள் இருப்பது கூழ். அதன்மேல் முட்டையோ சின்னப் புழுவோ மிதக்கிறது. கொத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அது கூழுக்குள் மூழ்கிச் செத்துப்போகும்.

இரண்டாம் பாடம்: புது அறைகள் அடர்ந்த பழுப்பு நிறமாக இருக்கும். புழு கூடு பின்னிய பிறகு பணிப்பெண்கள் மேல் மெழுகைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அப்போது அறை வெளிர் மஞ்சளாகத் தெரியும். கறுத்திருந்தால் இளசு, வெளுத்திருந்தால் முதிர்ந்தது. கூடு பிரிக்கும்போது கை வைக்கத் தகுந்தது வெளுத்த கொத்துதான்.

ராணி யார் ஆவது என்பதும் சோற்றுக் கணக்குதான். கொத்தின் ஓரத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக ஒன்றிரண்டு அறை இருக்கும். பெரிய அறையில் கூழ் அதிகம். அதைத் தின்ற பெண்புழு ராணி ஆகிறது. கூட்டில் இருப்பது சில நூறு தேனீயாகவும் இருக்கலாம், சில ஆயிரமாகவும் இருக்கலாம். ஆனால் முட்டையிடுகிற ராணி ஒருத்திதான்.

தாய் வீட்டுச் சீதனம்

இனி இந்தத் தேனீயின் குணத்திலேயே அழகான இடத்துக்கு வருகிறோம்.

அடுக்குத்தேனீக் கூட்டம் பிரியும்போது, பழைய ராணி வீட்டை மகளுக்கு விட்டுவிட்டுக் கூட்டத்தோடு பறந்து போய்விடுவாள். கொசுத்தேனீயில் அது நடக்காது. முட்டையிட ஆரம்பித்த ராணிக்கு வயிறு பெருத்துவிடும். பறக்கவே முடியாது. அதனால் இங்கே மகள்தான் புகுந்த வீடு போகிறாள்.

அதுவும் ஒரே நாளில் இல்லை. முதலில் சில வேலைக்காரத் தேனீக்கள் புதுப் பொந்தைத் தேடிக் கண்டுபிடிக்கும். பிறகு தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் பிசினும் தேனும் மகரந்தமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்துபோய் அங்கே வீடு கட்டும். வீடு ஓரளவு தயாரான பிறகு இளம் ராணி அங்கே போகிறாள். ஆண் தேனீக்கள் புது வாசலுக்கு முன்னால் மேகம் மாதிரி கூடிப் பறக்கும். ராணி வெளியே வந்து இணைந்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதற்குப் பிறகும் பல நாள் தாய்வீட்டிலிருந்து சாமான் வந்துகொண்டே இருக்கும்.

தாய்க்கூடும் மகள்கூடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க இதுதான் காரணம். ஒரு கோயில் மதிலிலோ பழைய பள்ளிக்கூடச் சுவரிலோ வரிசையாக ஐந்தாறு வாசல் தெரிவது இதனால்தான். இந்தத் தேனீ தூரம் தொலைவு பறந்து குடியேறாது. நம்ம ஊரில் பழைய சுவர்களை எல்லாம் இடித்துத் தீர்த்து, பொந்து விழுந்த மரங்களை எல்லாம் வெட்டித் தள்ளிவிட்டால், அடுத்த ஊரிலிருந்து தானாக வந்து சேராது. போனால் போனதுதான்.

மேய்ச்சலும் காவலும்

உணவுக்காக இது பெரும்பாலும் அரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளேயே சுற்றும். தோட்டக்காரருக்கு இது நல்ல சேதி. நம்ம பெட்டியில் இருக்கிற தேனீ நம்ம நிலத்துப் பூவில்தான் வேலை செய்யும். அதே நேரம், நம்ம நிலத்தில் பூ இல்லாத மாதம் இருந்தால் அது பட்டினிதான். தென்னை வருசம் முழுக்கப் பாளை விடுவதால் பெரிய ஆதரவு. துளசி, முருங்கை, தொட்டாற்சிணுங்கி, சூரியகாந்தி, எள், பூவுக்கு விட்ட கொத்தமல்லியும் வெங்காயமும் என்று மாற்றி மாற்றிப் பூ இருக்கும்படி பாருங்கள்.

ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் தேடிப் போகும். மகரந்தச் சேர்க்கைக்கு இந்தக் குணம்தான் வேண்டும். உடம்பு சின்னது என்பதால் பெரிய தேனீ எட்டிப்பார்க்காத பொடிப் பூக்களிலும் வேலை செய்யும். ஒரு விசயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் குழல் மாதிரி உள்ள பைக்குள் இருக்கும். உடம்பை அதிர வைத்து உலுக்குகிற தேனீதான் அதை முழுசாக எடுக்கும். கொசுத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. அந்த வேலையைச் செய்வது நீலப்பட்டைத் தேனீயும் கருவண்டும். அதனால் கொசுத்தேனீப் பெட்டி வைத்துவிட்டோம், மற்ற பூச்சிகள் தேவையில்லை என்று நினைக்கக் கூடாது.

வாசல் குழாயில் எப்போதும் காவல் உண்டு. வாசலைச் சுற்றிப் பிசுபிசுப்பான பிசினைப் பூசி வைத்திருக்கும். எறும்பு ஏறினால் ஒட்டிக்கொள்ளும்.

என்னுடைய நாலு தப்பு

இப்போது பாட்டி வீட்டுச் சுவருக்கு வருவோம்.

ஒன்று: கூட்டைப் பெட்டியில் கவிழ்த்தேன். கூழில் நின்ற முட்டையும் இளம் புழுவும் அப்போதே மூழ்கிவிட்டன.

இரண்டு: அள்ளும்போது உடைந்த மகரந்தக் குடமும் ஒழுகிய தேனும் அப்படியே பெட்டிக்குள் போயிற்று. உடைந்த மகரந்தத்தின் வாடைக்குக் குட்டி ஈக்கள் வரும். விறுவிறுவென்று ஓடுகிற ஈ அது. மகரந்தத்தில் முட்டை வைத்தால் சில நாளில் புழு பெருகிக் கூட்டையே அழித்துவிடும். நான் பார்த்த வெள்ளைப் புழு அதுதான்.

மூன்று: பட்டப்பகலில் பெட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனேன். வெளியே மேயப் போயிருந்த தேனீக்கள் பழைய சுவர் இருந்த இடத்துக்கே திரும்பி வந்து, வீட்டைக் காணாமல் அங்கேயே சுற்றிச் செத்தன. காவலுக்கு ஆள் இல்லாத பெட்டிக்குள் ஈ நுழைய என்ன தடை?

நாலு: ராணி பெட்டிக்குள் வந்தாளா என்று பார்க்கவே இல்லை. பறக்க முடியாதவள். மண்ணோடு மண்ணாக மிதிபட்டிருப்பாள்.

சரியாகச் செய்வது எப்படி?

சுவரை இடித்தே ஆக வேண்டும் என்றால்: மாலையில், தேனீ வீடு திரும்பிய நேரத்தில் செய்யுங்கள். குஞ்சுக் கொத்தை மேல்பக்கம் மேலாகவே இருக்கும்படி எடுத்துப் பெட்டியில் வையுங்கள். ராணியைத் தேடிப் பிடித்துக் கையால் அழுத்தாமல் ஒரு மெல்லிய அட்டையில் ஏற்றிக் கொத்தின்மேல் விடுங்கள். உடையாத மகரந்தக் குடம் நாலைந்து மட்டும் போதும். உடைந்தது எதுவும் உள்ளே போகக் கூடாது. பழைய வாசல் மெழுகைப் பெட்டியின் வாசலில் ஒட்டுங்கள். வாடை தெரிந்து உள்ளே வரும். பெட்டி சில நாள் அதே இடத்திலேயே இருக்கட்டும். இடம் மாற்ற வேண்டுமானால், எல்லாத் தேனீயும் அடைந்த பிறகு இரவில் வாசலை வலையால் மூடி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள்.

சுவரை இடிக்கத் தேவையில்லை என்றால்: இது இன்னும் நல்ல வழி. சுவர் வாசலில் ஒரு குழாயைப் பொருத்தி, அதைப் பெட்டியின் ஒரு பக்கத்தில் விடுங்கள். சந்துகளைக் களிமண்ணால் அடையுங்கள். பெட்டியின் மறுபக்கத்தில் வெளிவாசல் ஒன்று வையுங்கள். பழைய வாசல் மெழுகை இந்த வெளிவாசலில் ஒட்டுங்கள். தேனீக்கள் இனிமேல் பெட்டி வழியாகத்தான் வரப்போக முடியும். முதலில் திணறும், பிறகு பழகிவிடும். வாரங்கள், சில நேரம் மாதங்கள் ஆகும். பெட்டியையும் வீடாக நினைத்து உள்ளே குடம் கட்டத் தொடங்கும். வேறு கூட்டிலிருந்து ராணி அறையோடு கூடிய வெளுத்த கொத்து ஒன்றை உள்ளே வைத்தால் வேலை சீக்கிரம் நடக்கும். பெட்டிக்குள் புதுசாகக் கறுத்த அறைகள் தெரிந்தால் அங்கே ராணி முட்டையிடுகிறாள் என்று அர்த்தம். அப்போது குழாயை எடுத்துவிடலாம். சுவரில் தாய்க்கூடும் இருக்கும், பெட்டியில் மகள்கூடும் இருக்கும். தாய்வீட்டுச் சீதன வழக்கத்தை நமக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறோம், அவ்வளவுதான்.

பெட்டி பெரிதாக வேண்டாம். உள்ளே இரண்டு லிட்டர் கொள்ளுமளவு இருந்தால் போதும். மரம், மூங்கில், மண்பானை எதுவும் ஆகும். கேரளத்தில் மூங்கில் கணுக்களிலும் மண்சட்டியிலும் வளர்ப்பது நெடுநாள் பழக்கம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் வெள்ளாயணி மையத்தில் இந்தத் தேனீ வளர்ப்பு பற்றித் தொடர்ந்து ஆராய்ச்சி நடக்கிறது. வெயில் நேரே படாத, மழைச் சாரல் அடிக்காத இடமாக வையுங்கள். கோடை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் மெழுகு உருகிக் கூடு சரிந்துவிடும். எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். பல்லியையும் சிலந்தி வலையையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

தேன் எவ்வளவு?

பேராசை வேண்டாம். நல்ல கூட்டில் வருசத்துக்கு அரைக் கிலோவைச் சுற்றித்தான் கிடைக்கும். புளிப்பும் இனிப்பும் கலந்த, கொஞ்சம் நீர்த்த தேன். நாட்டு வைத்தியத்தில் இதற்குத் தனி மரியாதை உண்டு, விலையும் மற்றத் தேனைவிடப் பல மடங்கு. பூ நிறைந்த காலம் முடிகிற பங்குனி, சித்திரையில் ஓரத்துத் தேன் குடங்களை மட்டும் எடுத்து, குத்தி வடிய விடுங்கள். கூட்டையே பிழிந்தால் தேனோடு மகரந்தமும் புழுவும் சேர்ந்து வரும். சீக்கிரம் புளித்தும் போகும். மூன்றில் ஒரு பங்கு தேனையாவது அதற்கு விட்டுவையுங்கள். ஈரம் அதிகம் என்பதால் கண்ணாடிப் பாட்டிலில், குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

நம்ம தெளிப்பும் கொல்லும்

இது நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய விசயம். பக்கத்து வயலில் அடிக்கிற விசத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் இயற்கை என்று பெயர் இருந்தால் தேனீக்கு ஆபத்தில்லை என்று அர்த்தம் இல்லை. மண்ணுயிரியிலிருந்து எடுக்கிற ஸ்பைனோசாட், ஈரமாக இருக்கும்போது தேனீயைக் கொல்லும். பிவேரியா பூஞ்சாணம் பூச்சியின் உடம்பில் வளர்கிற பூஞ்சாணம்தான். அதற்குத் தேனீ யார், புழு யார் என்று பார்க்கத் தெரியாது. வேப்பெண்ணெய்க் கரைசல் பூவின்மேல் வழிந்தால் தேனீ அந்தப் பூவுக்கு எப்படி வரும்?

ஆகவே மூன்று பழக்கம். தேவைப்பட்டால் மட்டும் தெளியுங்கள். பூ விரிந்த செடியில் பூவின்மேல் படாமல் தெளியுங்கள். பொழுது சாய்ந்து தேனீ அடைந்த பிறகு தெளியுங்கள். பக்கத்து வயல்காரரிடம் சண்டை போடுவதைவிட, ‘அண்ணே, மருந்து அடிக்கிறதுக்கு முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். முந்தின இரவே வாசலை வலையால் மூடி, பெட்டியை நல்ல நிழலில் வைத்து, அன்று ஒருநாள் மட்டும் அடைத்து வைக்கலாம். எங்க பக்கத்து வயல்காரர் இப்போது சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

உங்க வீடு, மாட்டுக்கொட்டகை, கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர் எல்லாவற்றையும் காலையில் வெயில் ஏறின பிறகு ஒரு சுற்று பாருங்கள். எத்தனை வாசல் இருக்கிறது என்று எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்கள் கண்ணுக்குத்தான் இந்த ஓட்டை எல்லாம் சீக்கிரம் தெரியும். ஒவ்வொரு வாசலிலும் கால் மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே போகிற தேனீயின் காலில் இருப்பது மகரந்தமா பிசினா என்று பாருங்கள். எந்தச் சுவர் இடிபடப் போகிறது என்று விசாரித்து வையுங்கள்.

போன வருசம் எங்க தெருவில் ஒரு பழைய வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மூன்று மாதம் முன்னாலேயே போய்க் குழாய் பொருத்தினேன். வீட்டுக்காரர் சிரித்தார். சுவர் போன அன்றைக்குப் பெட்டியில் கறுத்த அறைகள் இருந்தன. இப்போது அந்தப் பெட்டி எங்க முருங்கைக்கு அடியில் இருக்கிறது. பாட்டி வீட்டுக் கூட்டுக்கு இது ஈடாகாது. ஆனாலும் தினமும் காலையில் அந்தச் சின்ன மெழுகுக் குழாயில் யாராவது எட்டிப் பார்க்கிறார்கள்.